வீட்டு ஜன்னலுக்கு எந்த முள்செடி? கேக்டஸ், யூபோர்பியா, ஹவார்தியா, அகேவ்: ஓர் ஒப்பீடு

முள்ளும் சதைப்பற்றும் உள்ள செடி ஒன்றை வீட்டுக்குள் வைப்பதென்று முடிவு செய்தாகிவிட்டது. எது அழகு என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்த ஜன்னலில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? குளிர்காலத்தில் அந்த இடம் எவ்வளவு குளிரும்? செடியின் பக்கம் யார் யார் போவார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் பாதிச் செடிகள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

முள்ளின் நீளத்தைப் பார்த்துப் பயந்து தேர்ந்தெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான செடியை வாங்குகிறார்கள். நீள முள் கண்ணுக்குத் தெரியும், கை தானாக விலகும். தொல்லை தருபவை இரண்டு: கண்ணுக்கே தெரியாத பொடி முள், வெட்டினால் வடியும் பால்.

கையில் இருப்பது என்ன செடி?

விற்கும் இடத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டை நம்ப வேண்டாம். முள் இருந்தால் போதும், ‘கேக்டஸ்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தண்ணீர், குளிர், விஷம் மூன்றிலும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு உண்டு. அதனால் அடையாளம் காண்பதுதான் பராமரிப்பின் முதல் படி.

ஒரு கைலென்ஸை எடுத்து முள்ளின் அடியைப் பாருங்கள், நுனியை அல்ல. கேக்டஸாக இருந்தால் முள் நேராகத் தோலிலிருந்து முளைக்காது. வெல்வெட் துணியைப் பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டியதுபோல ஒரு திட்டு இருக்கும். இளம் பகுதியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பஞ்சு படர்ந்திருக்கும். வயதான பகுதியில் அது சாம்பல் நிறமாகித் தேய்ந்திருக்கும். இதுதான் அரியோல். குறுகிப்போன ஒரு பக்கக் கிளைதான் அது. முள், பூ, பக்கக் கன்று எல்லாம் இங்கிருந்தே வரும். கேக்டஸ் குடும்பத்தைத் தவிர வேறு எந்தக் குடும்பத்துக்கும் இந்த உறுப்பு இல்லை. மாமில்லேரியா என்ற சிறிய கேக்டஸில் மட்டும் ஒரு சின்ன மாற்றம்: முள், தண்டில் புடைத்திருக்கும் குமிழின் உச்சியில் இருக்கும், பூ இரண்டு குமிழ்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து வரும். அதனால்தான் அதன் பூக்கள் உச்சியைச் சுற்றி வளையமாக நிற்கின்றன.

பால் வடியும் கள்ளி வகையான யூபோர்பியாவில் இந்தப் பஞ்சுத் திட்டு இருக்காது. தண்டில் நெடுக ஓடும் முகட்டின் விளிம்பில் கொம்பு போன்ற கெட்டியான சிறு தகடு ஒன்று, அதிலிருந்து இரண்டிரண்டாக விரியும் முட்கள், அருகில் ஓர் இலை அல்லது இலை விழுந்த வடு. யூபோர்பியா ட்ரைகோனாவிலும் சதுரக்கள்ளியிலும் இது தெளிவாகத் தெரியும். குழப்புபவை யூபோர்பியா ஹாரிடா, யூபோர்பியா எனோப்லா போன்றவை. அவற்றில் முள் ஒற்றை ஒற்றையாக நிற்கும், ஏனென்றால் அது காய்ந்துபோன பூக்காம்பு. உருண்டையும் முகடும் முள்ளுமாகத் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கேக்டஸ்தான். லென்ஸில் பார்த்தால் அடியில் பஞ்சு இல்லை.

இன்னும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஊசி முனையால் அடித்தண்டில் லேசாகக் குத்துங்கள். வெள்ளைப் பால் உடனே துளிர்த்தால் யூபோர்பியா. மாமில்லேரியாவில் சில இனங்களுக்கும் பால் வரும் என்பதால், அரியோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்தச் சோதனைக்கு வர வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், துளியைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், கை கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள்.

முட்கள் மூன்று மூன்றாக, அதாவது நீளமாக இரண்டும் குட்டையாக ஒன்றும் இருந்து, பருத்த சாம்பல் தண்டின் உச்சியில் மட்டும் நீள இலைகள் குடைபோல விரிந்திருந்தால் அது பாக்கிபோடியம் லமேரி. ‘மடகாஸ்கர் பனை’ என்று விற்பார்கள், பனைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அரளியின் குடும்பம். வெட்டினால் பால் அல்ல, நிறமற்ற சாறு வரும், அதுவும் விஷம்தான்.

முள் தண்டில் இல்லாமல் இலையில் இருந்தால் கதையே வேறு. அகேவின் இலை நுனியில் கறுத்த, மரம்போல் கெட்டியான ஊசி ஒன்று இருக்கும். குருத்தில் இலைகள் ஒன்றோடொன்று இறுகி இருந்தபோது ஓரப் பற்கள் பதித்த தடம் விரிந்த இலையின் மேல் அலை அலையாகத் தெரியும். கற்றாழை இலையை ஒடித்தால் கூழ் வரும், அகேவை ஒடிக்கவே முடியாது, நாரோடு கிழியும். ஹவார்தியாவில் முள் என்று சொல்ல எதுவும் இல்லை. வரிக்குதிரைபோல் வெள்ளைப் புடைப்புகள், இலை நுனியில் கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான். இந்த வரிக்குதிரை ரகத்தை ‘ஃபேசியாட்டா’ என்று விற்பது வழக்கம். இலையின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால்தான் அது ஃபேசியாட்டா. இரு பக்கமும் சொரசொரத்தால் அட்டனுவாட்டா. கிடைப்பதில் பெரும்பாலானவை அட்டனுவாட்டாதான், பராமரிப்பில் வேறுபாடு இல்லை. 2013-க்குப் பிறகு இரண்டையும் ஹவார்தியாப்சிஸ் என்ற தனிப் பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள், பழைய பெயரே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

வெயில்தான் முதல் வடிகட்டி

அறை வெளிச்சமாக இருப்பதும் செடிக்கு வெயில் கிடைப்பதும் ஒன்றல்ல. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், செடியால் முடியாது. ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, மேசை மீது ஒரு கேக்டஸ் வைத்தால் அது சாகாது. ஆனால் மெல்ல மெல்லத் தோற்றுக்கொண்டே இருக்கும். உருண்டைச் செடியின் உச்சி கூம்பாக நீளும், புதிய முட்கள் மெலிந்து வெளுத்துப்போகும், முகடுகளுக்கு நடுவே பச்சை அதிகம் தெரியும். தூண் வகைகளில் தடித்த தண்டின் மேல் பென்சில் கனத்தில் ஒரு நீட்சி வரும். பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் நீண்ட பகுதி திரும்பப் பருக்காது, இடுப்பு ஒடுங்கிய வடிவம் நிரந்தரம். வெட்டி மீண்டும் வேர்விடச் செய்வது ஒன்றே வழி.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்கெடுங்கள். ஜன்னல் விளிம்பில் கையை நீட்டினால் கூர்மையான நிழல் விழும் நேரம் மட்டுமே நேரடி வெயில். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்குத் தெற்கு பார்த்த ஜன்னலும், தெற்கே இருப்பவர்களுக்கு வடக்கு பார்த்த ஜன்னலும் பொதுவாக நல்ல கணக்குத் தரும்.

ஐந்து, ஆறு மணி நேரம் கிடைத்தால் எதையும் வைக்கலாம்: கோல்டன் பேரல், தூண் கேக்டஸ், அகேவ், பாக்கிபோடியம், யூபோர்பியா மிலி. மூன்று, நான்கு மணி நேரம் என்றால் மாமில்லேரியா, ரெபுட்டியா, யூபோர்பியா ட்ரைகோனா. மிலியும் இதில் வாழும், நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் பூ குறையும். இரண்டு மணி நேரக் காலை வெயில் மட்டும் என்றால் கேக்டஸில் நம்பத்தக்கது ஜிம்னோகலீசியம். அதன் பல இனங்கள் பிறந்த இடத்திலேயே புல்லுக்கும் புதருக்கும் அடியில் அரை நிழலில் வளர்பவை. நேரடி வெயிலே இல்லை, வெளிச்சம் மட்டும் என்றால் ஹவார்தியா ஒன்றுதான். மற்றது எதை வைத்தாலும் அதன் மெதுவான சாவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மறுபக்கமும் உண்டு. நிழல் கூண்டில் வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே உச்சி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட பக்கம் முதலில் வெளுத்து மஞ்சளாகி, பிறகு காய்ந்த தோல்போலப் பழுப்பாகும். அந்தத் தழும்பு ஆறாது, செடி வளர வளரக் கீழே இறங்கும், அவ்வளவே. முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு வாரம் ஒரு மணி நேரம் கூட்டி, மூன்று வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். மாதக்கணக்கில் வெயிலில் இருந்த செடியைத் தொட்டியோடு திடீரென்று 180 டிகிரி திருப்பிவைத்தாலும் இதே தழும்பு வரலாம், இதுவரை நிழலில் இருந்த பக்கம் பழகாத பக்கம். திருப்புவதானால் வாரம் கால் சுற்று.

குத்துவது, சொறிவது, விஷம்

இந்த இடத்தில் செடிகளின் வரிசை தலைகீழாகிவிடும். பார்வைக்குப் பயங்கரமான கோல்டன் பேரல் வீட்டுக்குள் அவ்வளவு ஆபத்தில்லை. முயல்காதுபோல் மென்மையாகத் தெரியும் ஒபன்ஷியா மைக்ரோடேசிஸ்தான் இந்தப் பட்டியலிலேயே மோசமானது. அதில் நீள முள்ளே கிடையாது. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ புள்ளி புள்ளியாகத் தெரிவது ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பொடி முட்களின் கொத்து. அவை குளோக்கிட் எனப்படும் முட்கள், ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. லேசாக உரசினாலே கழன்று தோலில் ஏறும், துணியில் ஒட்டி மறுநாள் வேறொருவரைக் குத்தும். தோல் கையுறை இங்கே பயனில்லை, கையுறையிலேயே தங்கிவிடும். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் எடுக்கப் பார்க்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் இடுக்கியால் கொத்தாகத் தெரிவதை எடுங்கள். மிச்சத்துக்கு, காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகப் பூசி அதன் மேல் காஸ் துணியை அழுத்தி, அரை மணி நேரம் காயவிட்டு உரித்தெடுங்கள். பெரும்பகுதி அதோடு வந்துவிடும். தேவைப்பட்டால் இன்னொரு முறை.

மாமில்லேரியாவில் நடு முள் தூண்டில்போல் வளைந்த இனங்கள் உண்டு, ஃபெரோகேக்டஸிலும் உண்டு. திரைச்சீலை பறக்கும் ஜன்னலில் இவை வேண்டாம். துணியைப் பிடித்துத் தொட்டியோடு கீழே இழுத்துவிடும்.

யூபோர்பியாவின் ஆபத்து முள்ளில் இல்லை. அதன் பால் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரலாம். கண்ணில் பட்டால் விழிவெண்படலம் வீங்கிப் பார்வையே மங்கலாம், வலி பல மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, வலி குறைவாக இருந்தாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும், செடியின் பெயரையோ படத்தையோ காட்ட வேண்டும். தோலில் பட்டது வெறும் தண்ணீருக்குப் போகாது, சோப்பு போட்டுக் கழுவுங்கள். செடியை வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம். வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் உறைந்து நின்றுவிடும்.

செல்லப் பிராணிகள் கடிக்கும் வீடாக இருந்தால்: யூபோர்பியா, பாக்கிபோடியம், கற்றாழை மூன்றும் விலக்க வேண்டியவை. அகேவின் சாற்றில் உள்ள ஊசிவடிவப் படிகங்கள் வாயையும் தோலையும் அரிக்கும். ஜன்னல்களில் வழக்கமாக வைக்கும் உருண்டைக் கேக்டஸ்களில் முள்தான் பிரச்சினை, விஷம் அல்ல. ஹவார்தியாவில் இரண்டுமே இல்லை.

ஒவ்வொன்றாக

மாமில்லேரியா, ரெபுட்டியா, ஜிம்னோகலீசியம்: சிறிய ஜன்னலுக்கு இந்த மூன்றுக்குள் தேர்வை முடித்துக்கொள்வது நல்லது. மூன்றும் கைப்பிடிக்குள் அடங்கும் அளவிலேயே பூக்கும். வேறுபாடு குளிரில் இருக்கிறது. ரெபுட்டியாவுக்கும் பெரும்பாலான மாமில்லேரியாவுக்கும் ஆண்டில் இரண்டு, மூன்று மாதம் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரும், அறவே தண்ணீர் இல்லாத ஓய்வும் வேண்டும். அந்த ஓய்வில்தான் மொட்டு உருவாகிறது. ஆண்டு முழுவதும் 20 டிகிரிக்குக் குறையாத அறையில் ரெபுட்டியா பச்சையாக வளரும், பூ மட்டும் ஒளிந்துகொள்ளும். பொலிவியா, அர்ஜென்டினா மலைச்சரிவுகளிலிருந்து வந்த செடி, சூட்டை அது பொறுத்துக்கொள்ளும், விரும்பாது. ஜிம்னோகலீசியம் இந்த விஷயத்தில் அவ்வளவு அடம்பிடிக்காது. அதன் மொட்டில் முள்ளோ முடியோ இருக்காது, வழவழப்பான செதில் மட்டும்தான். பூ இல்லாத நாளில் அடையாளம் காண, ஒவ்வொரு அரியோலுக்கும் கீழே மோவாய்போல் ஒரு புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கோல்டன் பேரல்: மெக்சிகோவைச் சேர்ந்தது. நர்சரிகளில் லட்சக்கணக்கில் விதையிலிருந்து வளர்க்கிறார்கள், ஆனால் சொந்த மண்ணில் அழியும் நிலையில் உள்ள இனம். 1990-களில் அணைக்கட்டு ஒன்றின் நீரில் அதன் வாழிடத்தின் ஒரு பகுதி மூழ்கிப்போனது. பூவுக்காக இதை வாங்காதீர்கள். ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலம் ஆகும்வரை பூக்காது, அதற்கு நல்ல வெயிலிலேயே 15 ஆண்டுக்கு மேல் ஆகும். முள்ளின் பொன் நிறத்துக்காக வாங்கலாம். அந்த நிறமும் முழு வெயிலில்தான் வரும்.

மூன் கேக்டஸ்: பச்சைத் தண்டின் மேல் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டை. மேலே இருப்பது பச்சையம் இல்லாத ஜிம்னோகலீசியம், தனியாக வாழ முடியாது. கீழே இருப்பது டிராகன் பழக் கொடியின் தண்டு. இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். கீழ்த்தண்டு 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது, மேல் உருண்டை கடும் வெயிலைத் தாங்காது. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. சில ஆண்டுகளில் முடிந்துபோகும் அலங்காரம் என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை. முதல் செடியாக இதை வாங்கிவிட்டு, செத்ததும் தமக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டுபவர்கள்தான் அதிகம்.

யூபோர்பியா மிலி: பூ வேண்டும், குளிர் ஓய்வு கொடுக்க முடியாது என்பவர்களுக்கு இதற்கு இணை இந்தப் பட்டியலில் இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்தது. நான்கு மணி நேர வெயிலும் 15 டிகிரிக்கு மேல் சூடும் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். பூவாக நாம் பார்க்கும் சிவப்பு, உண்மையில் பூவடி இலைகள் இரண்டு. நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டுதான் பூ. இலை நுனிப்பகுதியில் மட்டும் இருக்கும், கீழ்த்தண்டு முள்ளோடு மொட்டையாக நிற்கும். அது நோயல்ல, உதிர்ந்த இடத்தில் மறுபடி இலை வராது. மொட்டைத் தண்டு பிடிக்கவில்லையென்றால் நுனியைக் கிள்ளிவிட்டால் கீழே கிளைக்கும். மற்றவற்றைவிட இதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். பல வாரம் காயப்போட்டால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்.

யூபோர்பியா ட்ரைகோனா: மூலையில் உயரமாக ஒன்று வேண்டுமென்றால் இதுதான். வீட்டுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை போகும். வேர் சிறியது, மேல்பாரம் அதிகம், பிளாஸ்டிக் தொட்டியில் சாய்ந்துவிடும். கனமான மண் தொட்டியில் வைத்து மேலே இரண்டு விரல்கடை சரளை போடுங்கள். பூவை எதிர்பார்க்க வேண்டாம். தூண் கேக்டஸும் இதே வேலையைச் செய்யும், பால் இல்லை என்பது அதற்கு ஒரு சாதகம். ஆனால் வெயில் குறைந்தால் ட்ரைகோனாவைவிட வேகமாக மெலியும்.

அகேவ், பாக்கிபோடியம் இரண்டையும் வீட்டுக்குள் வைப்பதற்குப் பரிந்துரைப்பது கடினம். அகேவுக்கு இடமும் வெயிலும் வேண்டும். அதன் நுனி ஊசி நிற்பவர்களுக்கு முழங்கால் உயரத்திலும் குழந்தைகளுக்குக் கண் உயரத்திலும் இருக்கும். வைத்தே தீர வேண்டுமென்றால் நுனியில் ஒரு சென்டிமீட்டரை நகவெட்டியால் வெட்டிவிடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. பாக்கிபோடியம் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவதில்தான் அது உண்மையிலேயே சாகிறது.

மண்ணும் தொட்டியும்

எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படைக் கலவை: சலித்த தொட்டி மண் அல்லது மக்கு உரம் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது ப்யூமிஸ் (இரண்டும் இலேசான எரிமலைக் கல் வகைகள்) ஒரு பங்கு, 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் ஒரு பங்கு. காற்றில் ஈரம் அதிகமான இடமென்றால் கேக்டஸுக்குக் கல் வகைகளை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். மிலிக்குப் பாதிக்குப் பாதி போதும். மாவு மணல் போடாதீர்கள், அது இடைவெளியை அடைத்துச் சிமெண்டுபோல் இறுக்கிவிடும். கடல் மணலில் உப்பு இருக்கும். கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக்கி ஒரு பிடி இறுக்கிப் பிடியுங்கள். விரலால் தட்டியதும் உதிர வேண்டும், கொழுக்கட்டையாக நின்றால் இன்னும் கல் சேருங்கள்.

தொட்டியின் அடியில் சரளை பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது எதிர்மாறு. பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, எல்லையிலேயே தேங்கும், அதாவது ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையை ஒரு வலைத்துண்டால் மூடினால் போதும்.

தொட்டி செடியைவிட 2, 3 சென்டிமீட்டர் மட்டும் அகலமாக இருக்கட்டும். 6 சென்டிமீட்டர் உருண்டைக்கு 8 அல்லது 9 சென்டிமீட்டர் தொட்டி. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். செடி மாற்றும்போது செய்தித்தாளை நான்காக மடித்துப் பட்டையாக்கி, செடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்குங்கள். பழைய மண்ணை உதிர்த்து, காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் விடாதீர்கள். பிய்ந்த வேர்களின் காயம் ஆற அந்த ஒரு வாரம் தேவை.

தண்ணீர்

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் விட்டுச் செடியைக் கொல்பவர்கள் அதிகம். மரக்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். நுனியில் ஈரமோ மண்ணோ ஒட்டினால் பொறுங்கள். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வழியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றுவது இரண்டு வகையில் கெடுதல்: மேல்மண் எப்போதும் ஈரம், அடி வேர் எப்போதும் காய்ச்சல்.

வளரும் பருவத்தில் 9 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வார இடைவெளி அமையும். குளிர்காலத்தில்தான் குடும்ப வேறுபாடு முக்கியமாகிறது. 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் கேக்டஸுக்கு ஒரு சொட்டும் வேண்டாம், கொஞ்சம் சுருங்கினால் சுருங்கட்டும். யூபோர்பியாவை 10, 12 டிகிரிக்குக் கீழே விடக்கூடாது, முழுவதும் காயவும் விடக்கூடாது, மாதம் ஒரு முறை மிதமாக. இலை உதிர்த்த பாக்கிபோடியத்துக்கு, மறுபடி குருத்து தெரியும்வரை ஒன்றுமில்லை. ஹவார்தியா இவற்றுக்கு நேர்மாறு: அது வளர்வது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், கடும் வெயில் மாதங்களில் ஒடுங்கிவிடும். கோடைதானே என்று அப்போது ஊற்றினால் வேர் அழுகும்.

உரத்தில் தழைச்சத்து குறைவாகவும் சாம்பல்சத்து தூக்கலாகவும் இருக்க வேண்டும். டப்பாவில் சொன்ன அளவில் பாதி, வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை. தழைச்சத்து கூடினால் செடி ஊதி, தோல் வெடிக்கும்.

கெடுவது எப்படி, தெரிந்துகொள்வது எப்படி

தூரில் பழுப்பு ஏறினால் பதற வேண்டாம், முதலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, காய்ந்து, மரப்பட்டைபோல் இருந்தால் வயது. மெத்தென்று அழுத்தம் வாங்கினால் அழுகல். அழுகலுக்குக் காத்திருந்து பார்ப்பதில் அர்த்தமில்லை, அன்றே வெட்டுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகலுக்கு மேலே குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நீர்க்குழாய்கள் வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தில் ஆரஞ்சோ பழுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். சுத்தமாக வெளுத்த பச்சை வரும்வரை இப்படியே. பிறகு நிழலில் 10 முதல் 14 நாள் காய்ந்து, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு, காய்ந்த கலவையின் மேல் நிறுத்தி வையுங்கள். வேர் தெரிந்த பிறகே தண்ணீர். யூபோர்பியாவுக்கும் இதே முறைதான், வெட்டியதும் பாலைக் கழுவிவிட வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

மாவுப்பூச்சி முள் இடுக்கில் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும். கேக்டஸில் அரியோலின் பஞ்சோடு அதைக் குழப்பிக்கொள்வது எளிது. அரியோல்கள் ஒழுங்கான வரிசையில் இருக்கும், பூச்சி தாறுமாறாக இருக்கும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் நனைத்துத் தொட்டு எடுங்கள், வெயில் படாத நேரத்தில். வாரம் ஒரு முறை, நான்கு வாரம், ஏனென்றால் முட்டைக்கு ஆல்கஹால் சரியாக எட்டாது. வளராமல் நிற்கும் செடியில் வெளியே ஒன்றும் தெரியவில்லையென்றால் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணையெல்லாம் கழுவி, வேரைக் காயவைத்து, புதுக் கலவையில் நட வேண்டும்.

உச்சிப்பகுதி மட்டும் துருப்பிடித்த நிறத்தில் சொரசொரத்தால் சிவப்புச் சிலந்தி என்ற நுண்பூச்சி. அது வறண்ட, காற்றோட்டமில்லாத இடத்தில் வரும். தழும்பு மாறாது, பரவுவதைத்தான் நிறுத்த முடியும்.

வாங்கும் நேரத்தில்

பூவோடு இருக்கும் கேக்டஸில் பூவை மெல்ல அசைத்துப் பாருங்கள். காகிதம்போல் சரசரத்தால் அது சூடான பசையால் ஒட்டிய காய்ந்த பூ, பிய்த்தால் தோலும் கிழியும். நீலம், ஊதா என்று பளீரென்ற முட்கள் பெயின்ட் அடித்தவை, புதிய முள் சாதாரண நிறத்திலேயே வரும், பெயின்ட் படிந்த தோலுக்கு வெளிச்சம் குறையும். மேலே போட்ட சரளை ஒரே பாளமாக அசைந்தால் பசை விட்டிருக்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து உடைத்து எடுக்காவிட்டால் மண்ணின் ஈரம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடித்தண்டில் வெட்டிய வேர்த் தடமும், ஒழுங்கற்ற பழைய தழும்புகளும் உள்ள பெரிய செடியென்றால் காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள். கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், சதைப்பற்றுள்ள யூபோர்பியாக்களும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. பெரும்பாலானவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும்.

வீட்டுக்கு வந்த புதுச்செடியை மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்குள் பூச்சி இருந்தால் வெளியே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் தொட்டியிலிருந்து உருவி, வேரைப் பார்த்து, வந்த மண்ணை மாற்றிவிட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோகலாம்.